சீர்காழியில் பிறந்தார், பெங்களூரில் மறைந்தார்
நூலகர் ரங்கநாதன் வாழ்க்கை வரலாறு

பெங்களூரில் கெங்கேரி பஸ்ஸில் போகிறவர்கள், மைசூர் சாலையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் வளாகத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த வளாகத்துக்குள் நூலகக் கல்விக்கென்று ஒரு மையம் இருக்கிறது. நாட்டின் பெரிய நூலகங்கள் பலவற்றில் தலைமைப் பொறுப்பு வகித்தவர்கள் அங்கே படித்தவர்கள். அந்த மையத்தை 1962-ல் தொடங்கியவர் தஞ்சை மாவட்டத்துக்காரர். சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன் என்பது அவர் முழுப்பெயர். எஸ்.ஆர்.ரங்கநாதன் என்றால் உலகமெங்கும் நூலகர்களுக்குத் தெரியும். நம்மில் பலருக்குத்தான் தெரியாது.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். அவரும் சென்னை, காசி, டெல்லி என்று போய்க் கடைசியில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்தான்.

கணக்கு வாத்தியார்

1892 ஆகஸ்டு 12 என்பது பள்ளிக்கூடப் பதிவில் உள்ள அவரது பிறந்த தேதி. தகப்பனார் ராமாமிர்த அய்யர் சிறிது நிலபுலன் உள்ளவர். ஊராருக்கு ராமாயணம் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்தது. பையனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமாகி விட்டார். தாயார் சீதாலட்சுமி.

சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த ரங்கநாதன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து 1916-ல் கணிதத்தில் எம்.ஏ. முடித்தார். இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. இப்படிப்பட்டவர் வாத்தியார் வேலைக்குப் போனார் என்பதே ஆச்சரியம். மங்களூர், கோவை, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று அரசுக் கல்லூரிகளில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நல்ல ஆசிரியர் என்று பெயரும் வாங்கினார்.

ஆசிரியர் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. அந்தச் சமயத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக ஒரு நூலகரை நியமிக்க முன்வந்தது. சம்பளம் அதிகம். சுமார் 900 பேர் விண்ணப்பம் போட்டார்கள். அவர்களில் யாருக்கும் நூலகப் பயிற்சி கிடையாது. ரங்கநாதனுக்கும் கிடையாது. பேட்டிக்கு முன்பு ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார். வேலை கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே அவருக்கு வெறுத்து விட்டது. நேற்று வரை அறை நிறைய மாணவர்கள் முன்னால் நின்றவர். இங்கே பேசுவதற்கு ஆள் கிடையாது, சுற்றிலும் அலமாரிகள்தான். பழைய வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டுக் கொண்டு போய் நின்றார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்புப் படித்து வாருங்கள், அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் வாத்தியார் வேலைக்கே திரும்பலாம் என்று மேலிடத்தில் ஏற்பாடு செய்தார்கள். அன்று சரி, போங்கள் என்று விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை.

பொம்மைக் கடையில் கிடைத்த யோசனை

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பெர்விக் சேயர்ஸ் என்பவர் அவருக்கு ஆசிரியர். வகுப்பறைப் பாடத்தை விட ஊர் சுற்றிப் பார்த்ததுதான் ரங்கநாதனை மாற்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார். தொழிலாளிகளும், குழந்தைகளும், வீட்டுப் பெண்களும் வந்து புத்தகம் எடுத்துப் போவதைக் கண்டார். நம் நாட்டில் அப்போது நூலகம் என்றால் பெரிய மனிதர்கள் போகிற இடம்.

அங்கே அவரை ஒரு விஷயம் உறுத்தியது. பாடவாரியாகப் புத்தகங்களைப் பிரிக்க அப்போது பரவலாக இருந்தது டூயி என்ற அமெரிக்கரின் தசம முறை. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே ஓர் எண் குறித்து வைத்திருப்பார்கள். பட்டியலில் இல்லாத புதுப் பாடத்தில் ஒரு புத்தகம் வந்துவிட்டால் நூலகர் திண்டாட வேண்டியதுதான்.

ஒரு நாள் லண்டனில் செல்ப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடைக்குப் போனார். மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானை வைத்து விற்பனையாளர் வேடிக்கை காட்டிக் கொண்டிருந்தார். துளை போட்ட தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள் வந்தன. கணக்கு வாத்தியாருக்குப் பொறி தட்டியது. பாடத்தையும் இப்படித் துண்டுகளாக்கினால் என்ன? வேண்டியபோது வேண்டிய துண்டுகளைச் சேர்த்துக் கொள்ளலாமே! துண்டுகளைச் சேர்க்கும் திருகாணியாக அவர் எடுத்துக் கொண்டது முக்காற்புள்ளி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புள்ளி வைப்போமே, அதுதான். ஆங்கிலத்தில் அதற்குக் கோலன் என்று பெயர். அவரது முறைக்கும் கோலன் பகுப்பு முறை என்றே பெயர் வந்தது.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர் ஒருவர், கறவை மாட்டுக்கு வரும் கோமாரி நோய் பற்றிப் புத்தகம் தேடுகிறார் என்று வையுங்கள். அந்தப் புத்தகத்தை மாடு வளர்ப்பில் வைப்பதா, நோய் என்ற பகுதியில் வைப்பதா, மருந்தில் வைப்பதா? ரங்கநாதன் முறையில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. எந்தப் பிராணி என்பது ஒரு துண்டு. அதற்கு என்ன கேடு என்பது ஒரு துண்டு. என்ன வைத்தியம் என்பது இன்னொரு துண்டு. வரிசையாகப் பூட்டினால் புத்தகத்தின் முகவரி தயார். விலங்கியலுக்குப் பக்கத்திலேயே கால்நடை வளர்ப்புக்கும் தனி இடம் ஒதுக்கி வைத்தார். நாளைக்குப் புதிதாக ஒரு நோய் வந்தாலும் ஒரு துண்டைச் சேர்த்தால் போதும்.

ரெயில்வேயில் பார்சல் பார்க்கிற எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. புறப்படும் ஊர், சேரும் ஊர், உருப்படி, எடை என்று நாங்கள் மார்க் போடுகிறோம். மார்க் சரியாக இருந்தால் சாமான் போய்ச் சேரும். தப்பாக இருந்தால் எந்த ஊர்க் கொட்டகையிலோ கிடந்து மட்கும். தப்பான இடத்தில் வைத்த புத்தகத்தின் கதியும் அதுதான்.

1925-ல் கப்பலில் திரும்பி வரும்போதே, கப்பலில் இருந்த சிறு நூலகத்தின் புத்தகங்களைத் தன் முறைப்படி அடுக்கிச் சோதித்துப் பார்த்தார். வாத்தியார் வேலைப் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

அலமாரி திறந்தது

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்களே அலமாரி வரை போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம் என்று ஆக்கினார். திருட்டுப் போகுமே என்ற பயம் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருந்தது. போனால் போகிறது, பூட்டி வைப்பதால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது என்பது அவர் கணக்கு. திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். தேடி வருபவருக்கு உதவி செய்வதற்கென்றே ஆட்களை நிறுத்தினார். 1936-ல் நூலகம் மெரினா கடற்கரையில் புதுக் கட்டடத்துக்கு வந்தது.

1928-ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வகுத்தார். 1931-ல் அவை புத்தகமாக வந்தன. புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு என்பது முதல் விதி. இதை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய பழைய கணக்கு ஆசிரியர் எட்வர்டு ராஸ். படிக்க வந்தவருக்கு அவருக்குரிய புத்தகமும், புத்தகத்துக்கு அதற்குரிய வாசகரும் கிடைக்க வேண்டும் என்பவை அடுத்த இரண்டு. வாசகரின் நேரத்தை வீணடிக்கக் கூடாது என்பது நான்காவது. நூலகம் வளர்ந்து கொண்டே போகும் உயிர் போன்றது என்பது ஐந்தாவது. கேட்டால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எந்த அலுவலகமானாலும் கவுண்டருக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான்காவது விதியின் அருமை தெரியும். கோலன் பகுப்பு முறை 1933-ல் அச்சேறியது.

கிராமங்களையும் அவர் விட்டுவிடவில்லை. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்கள் ஊர் ஊராகப் போயின. மாட்டு வண்டியை அமைத்தவர் கனகசபைப் பிள்ளை. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நின்றவர் ரங்கநாதன். பொது நூலகங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று 1930-ல் காசியில் நடந்த மாநாட்டிலேயே மாதிரி மசோதாவை வைத்தார். பதினெட்டு வருஷம் பொறுத்து 1948-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் நிறைவேறியது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது அப்படித்தான். நம் ஊர்க் கிளை நூலகத்தில் பேப்பர் படித்து வளர்ந்தவர்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

வேலை வேலை என்றே இருந்தார். சென்னையில் இருந்த இருபது வருஷமும் லீவு எடுக்கவில்லை. சில நாட்கள் பதிமூன்று மணி நேரம் கூட உழைப்பார். முதல் மனைவி ருக்மணி 1928-ல் விபத்தில் இறந்து போனார். மறு வருஷம் சாரதாவை மணந்தார். கல்யாணத்தன்றே வேலைக்குத் திரும்பி விட்டாராம். இதை அவர் பெருமையாகப் பலரும் எழுதுகிறார்கள். அன்று அந்த மணப்பெண் என்ன நினைத்தாரோ! அதை யாரும் எழுதவில்லை.

காசியும் டெல்லியும்

நாற்பதுகளில் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த துணைவேந்தருடன் அவருக்கு ஒத்துப் போகவில்லை. இருபது வருஷம் வளர்த்த நூலகத்தை விட்டு விலகினார். வயது ஐம்பதைத் தாண்டி விட்டது. டாக்டர் ராதாகிருஷ்ணன் அப்போது காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவர் அழைப்பை ஏற்று 1945-ல் காசிக்குப் போனார். அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களைப் பெரும்பாலும் தனி ஆளாகவே வகை பிரித்தார். இப்படி உழைக்கிறவர் மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்ப்பார். கூட வேலை பார்ப்பது சுலபமாக இருந்திருக்காது.

1947-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அழைத்தது. சர் மாரிஸ் குவையர் அப்போது அங்கே துணைவேந்தர். நூலகக் கல்வியில் மேல்பட்டமும் ஆராய்ச்சிப் பட்டமும் அங்கே ஏற்பட வழி செய்தார். ஐம்பதுகளின் நடுவில் சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகரில் சில காலம் தங்கினார். 1957-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார்.

அவர் முறை உலகமெங்கும் பரவிவிட்டது என்று சொல்ல முடியாது. இந்திய நூலகங்களிலேயே பல டூயி முறைக்குத்தான் போயின. கோலன் முறையில் எண் நீளமாகும், குறிகளும் அதிகம். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அவர் மாற்றிக் கொண்டே இருந்ததும் நூலகர்களுக்குச் சிரமமாக இருந்தது. ஆனால், பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆராயும் அவர் யோசனையைப் பிற நாட்டு அறிஞர்களும் எடுத்துக் கொண்டார்கள்.

மனைவி பெயரில் ஒரு லட்சம்

வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த அந்தப் பணம். ஐம்பதுகளில் ஒரு லட்சம் என்றால் எத்தனை வீடு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மனஸ்தாபத்தோடு விட்டு வந்த அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் கொடுத்தார். பதவிக்குத் தன் பெயரை மட்டும் வைக்கவில்லை. சாரதா ரங்கநாதன் பேராசிரியர் பதவி என்று மனைவியின் பெயரை முன்னால் வைத்தார். 1961-ல் பெங்களூரில் ஏற்படுத்திய அறக்கட்டளையும் சாரதா ரங்கநாதன் பெயரில்தான்.

கடைசிக் காலத்தைப் பெங்களூரில் கழித்தார். எழுத்தும் பாடமும் நிற்கவில்லை. 1972 செப்டம்பர் 27-ந் தேதி இந்த ஊரிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 80. அவர் பிறந்த நாளான ஆகஸ்டு 12-ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.