நம்ப விரும்பிய ஐயவாதி

நுழையும்முன்

இறந்தோர் நம்மோடு பேசுவார்களா? ஆவியும் பேயும் சாத்தானும் உண்மையில் உள்ளனவா? எல்லா நாடுகளிலும் எல்லாக் காலங்களிலும் எழும் வினாக்கள் இவை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு இவ்வினாவின் இருபுறமும் இரு நண்பர்கள் நின்றனர். ஒருவர், பூட்டிய விலங்குகளிலிருந்து விடுபட்டு உலகை வியக்கவைத்த ஹாரி ஹூடினி. மற்றொருவர், ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். அவர்களுள் ஹூடினியின் வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

இளமையும் புகழும்

ஹூடினியின் இயற்பெயர் எரிக் வைஸ். அவர் 1874ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை யூத சமயகுரு. 1878இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து ஆப்பிள்டன் என்னும் சிற்றூரில் தங்கியது. தந்தை பதவியை இழந்தபின் வறுமை சூழ்ந்தது. சிறுவன் எரிக் செய்தித்தாள் விற்றும் காலணிகளுக்கு மெருகிட்டும் பொருளீட்டினான். பிரெஞ்சு வித்தைக்காரர் இராபர்ட் ஹூடினின் வாழ்க்கை வரலாறு அவனை ஈர்த்தது. அப்பெயரைத் தழுவியே ஹூடினி என்னும் மேடைப்பெயர் அமைந்தது.

1894இல் பெஸ் என்பவரை மணந்தார். இருவரும் ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டினர். 1900ஆம் ஆண்டு ஐரோப்பா சென்ற ஹூடினி, கைவிலங்குகளின் மன்னர் எனப் புகழப்பட்டார். இப்புகழுக்குக் காரணம் மந்திரமன்று. பூட்டுகளைப் பற்றிய நுண்ணறிவும் இடைவிடாத உடற்பயிற்சியுமே.

நெஞ்சை உறுத்திய தவறு

புகழ் பெறுவதற்குமுன், வறுமையின் பிடியில் அவர் ஒரு தவறு செய்தார். 1890களின் இறுதியில் மேடையில் ஆவிகளோடு பேசுபவராக நடித்தார். ஓர் ஊருக்குச் சென்றதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பெயர்களைக் குறித்துக்கொள்வார், ஊர்ச்செய்திகளையும் கேட்டறிவார். இரவில் அப்பெயர்களை மேடையில் சொல்லும்போது, உறவினரை இழந்தவர்கள் கண்ணீர் வடித்தனர். தம் வித்தையை மக்கள் வித்தையாகக் கொள்ளாமல் உண்மை என்றே நம்புவதைக் கண்ட ஹூடினி அத்தொழிலைக் கைவிட்டார். அத்தவறு இறுதிவரை அவர் நெஞ்சை உறுத்தியது.

தாயின் பிரிவு

ஹூடினி தம் தாய் செசிலியாவின்மீது அளவற்ற அன்புடையவர். 1913 ஜூலையில் டென்மார்க் நாட்டுத் தலைநகரில் இருந்தபோது தாய் மறைந்த செய்தி தந்தியில் வந்தது. படித்ததும் மயங்கி விழுந்தார். நிகழ்ச்சிகளைக் கைவிட்டுக் கப்பலேறித் தாயகம் திரும்பினார். அதன்பின், தாயின் ஒரு சொல்லையேனும் கேட்க இயலுமா என்னும் ஏக்கத்தோடு ஆவிகளுடன் பேசுவதாகக் கூறியோர் பலரை நாடினார். அவர்கள் செய்தவை யாவும் தாம் முன்பு மேடையில் செய்த வித்தைகளே எனக் கண்டார். ஏக்கம் சினமாக மாறியது.

இரு நண்பர்கள்

முதல் உலகப்போர் பல இலட்சம் இளைஞர்களின் உயிரைப் பறித்திருந்த காலம் அது. மகனை இழந்த பெற்றோரும் கணவரை இழந்த பெண்டிரும் ஆவிக்கூட்டங்களில் ஆறுதல் தேடினர். அங்குப் பேசுவது இறந்தோரின் ஆவியன்று, சாத்தானே என்று சமயத் தலைவர்கள் சிலர் எச்சரித்தனர். எல்லாம் ஏமாற்று என்றனர் ஐயவாதிகள்.

கோனன் டாயில் 1916இலேயே ஆவியுலகக் கொள்கையை ஏற்றதாக அறிவித்துவிட்டார். போரில் காயமுற்ற அவருடைய மகன் கிங்ஸ்லி 1918இல் நோயுற்று இறந்தார். அடுத்த ஆண்டே தம்பியும் மறைந்தார். மருத்துவம் பயின்ற டாயில், தம் செல்வத்தையும் உழைப்பையும் இக்கொள்கைக்காகவே செலவிட்டார். அவர் பொய் சொல்பவரல்லர், உளமார நம்பியவர். 1920இல் இங்கிலாந்து சென்ற ஹூடினி அவரைச் சந்தித்தார். கொள்கை வேறாயினும் இருவரிடையே நட்பு மலர்ந்தது.

ஹூடினி ஒருமுறை தம் இல்லத்தில் டாயிலுக்கு ஒரு வித்தை காட்டியதாக உடனிருந்த வழக்கறிஞர் ஒருவர் பதிவுசெய்துள்ளார். டாயில் வெளியே தொலைவில் சென்று தாளில் இரகசியமாக எழுதி வந்த சொற்களை, தொங்கவிடப்பட்ட பலகையின்மீது வெண்மையில் தோய்ந்த பந்து ஒன்று தானே உருண்டு எழுதியது. டாயில் திகைத்தார். இது வித்தையே எனக் கூறிய ஹூடினி, விளக்கம் தெரியாத ஒன்றை உடனே ஆவியின் செயலெனக் கொள்ளவேண்டா என்று வேண்டினார். டாயில் அதை ஏற்கவில்லை.

பதினைந்து பக்கங்கள்

1922 ஜூனில் அட்லாண்டிக் சிட்டி என்னும் கடற்கரை நகரில் இரு குடும்பத்தாரும் தங்கியிருந்தனர். டாயிலின் துணைவியார், ஆவி தம் கையை இயக்க எழுதுபவர் எனக் கருதப்பட்டவர். ஹூடினியின் தாயை அழைப்பதாக டாயில் கூறினார். திரையிட்ட அறையில் மூவரும் அமர்ந்தனர். ஹூடினி கண்களை மூடி, தாயின் வருகையை உண்மையாகவே வேண்டிநின்றார். அம்மையாரின் கை விரைந்து எழுதியது. பதினைந்து பக்கங்கள் நிறைந்தன.

ஹூடினி அவற்றைப் படித்தார். முதற்பக்கத்தின் தலையில் சிலுவைக்குறி இருந்தது. அவர் தாயோ யூத சமயகுருவின் மனைவி. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தாய்க்கு ஆங்கிலம் வாராது. அன்பான சொற்கள் நிறைந்திருந்தன. ஆயினும் மகன் மட்டுமே அறிந்த செய்தி ஒன்றும் இல்லை. நண்பரின் மனம் நோகக்கூடாதென்று ஹூடினி அப்போது எதுவும் கூறவில்லை. பின்னர்த் தமக்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை என்று நாளிதழில் எழுதினார்.

டாயில் மனம் வருந்தினார். தீய ஆவிகள் அணுகாதிருக்கவே சிலுவை இடப்பட்டதென்றும், ஆவிகளுக்கு மொழி தடையன்று என்றும் விளக்கினார். எந்தக் குறைக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. எந்தச் சோதனையாலும் தவறெனக் காட்டமுடியாத கூற்று சான்றாகாது என்பதே ஹூடினியின் நிலைப்பாடு. உண்டு என்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என அவர் வலியுறுத்தினார். நட்பு முறிந்தது.

சோதனைக்களம்

1922இன் இறுதியில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழ், ஆவியாற்றலை ஐயமற மெய்ப்பிப்பவருக்கு 2,500 டாலர் பரிசு அறிவித்தது. ஆய்வுக்குழுவில் ஹூடினியும் இடம்பெற்றார். பாஸ்டன் நகர மருத்துவர் ஒருவரின் மனைவி, 'மார்ஜரி' என்னும் பெயரில் சோதனைக்கு வந்தார். அவர் தொடாமலே ஆவி மணியடிக்கும் என்றனர். 1924 ஜூலையில் சோதனை நடந்தது. அன்று பகல் முழுவதும் ஹூடினி தம் காலில் இறுக்கமான இரப்பர்ப் பட்டையைக் கட்டியிருந்தார். அதனால் தோல் மெல்லிய தொடுதலையும் உணரும் நிலையை அடைந்தது. இருட்டில் அப்பெண்மணியின் கால் மணிப்பெட்டியை நோக்கி நகர்வதை அவர் உணர்ந்தார். 1925இல் குழு பரிசை மறுத்தது.

ஹூடினி மாறுவேடத்தில் ஆவிக்கூட்டங்களுக்குச் சென்று மோசடிகளை வெளிப்படுத்தினார். 1926இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் தோன்றி, பொருளுக்காகக் குறிசொல்வதைத் தலைநகரில் தடைசெய்ய வேண்டினார். அம்முயற்சி வெற்றிபெறவில்லை. எந்தச் சமயத்தையும் தாம் எதிர்க்கவில்லை என்றும், துயருற்றோரின் பணத்தைப் பறிப்போரையே எதிர்ப்பதாகவும் அவர் தெளிவுபடுத்தினார்.

அணைந்த விளக்கு

1926 அக்டோபர் 31ஆம் நாள், குடல்வால் சிதைந்து நோய்த்தொற்று பரவியதால், டெட்ராய்ட் நகரில் தம் 52ஆம் வயதில் ஹூடினி மறைந்தார். மறுமை உண்டெனில் இரகசியச் சொற்களால் செய்தி அனுப்புவதாக அவர் மனைவியுடன் உடன்பாடு செய்திருந்தார். தம் இறப்பையும் ஒரு சோதனையாகவே விட்டுச்சென்றார். பெஸ் அவர் படத்தருகே விளக்கேற்றிப் பத்தாண்டுகள் காத்திருந்தார். 1936ஆம் ஆண்டு அதே அக்டோபர் 31ஆம் நாள் இறுதிக் கூட்டம் நடந்தது. எந்த மறுமொழியும் வரவில்லை. அவர் விளக்கை அணைத்தார்.

டாயில் 1930இல் மறைந்தார். ஹூடினி பூட்டுகளைக் கடந்தது ஆவியாற்றலால்தான் என்று இறுதிவரை நம்பினார். தொழில் இரகசியத்தை வெளியிட விரும்பாத ஹூடினியால் தம்மிடம் அவ்வாற்றல் இல்லை என்பதை அவருக்கு மெய்ப்பித்துக்காட்ட இயலவில்லை. ஒன்று இல்லை என மெய்ப்பிப்பது எத்துணை அரிது என்பதற்கு இதுவே சான்று.

மறுமை இல்லவே இல்லை என்று ஹூடினி கூறியதில்லை. தமக்குச் சான்று கிடைக்கவில்லை என்றே கூறினார். தாயின் குரலைக் கேட்க அவரைப்போல் ஏங்கியவர் சிலரே. ஆயினும் அவ்வேக்கத்துக்காகப் பொய்யை மெய்யென ஏற்க அவர் உடன்படவில்லை.

தெரிந்து தெளிவோம்

ஆவியுலகக் கொள்கை 1848இல் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஃபாக்ஸ் சகோதரிகள் கேட்டதாகக் கூறிய தட்டொலிகளிலிருந்து பரவியது. அவ்வொலியை அவர்கள் முதலில் சாத்தானைக் குறிக்கும் பெயரால் அழைத்தனர். 1888இல் அவர்களுள் ஒருவரான மார்கரெட், கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கியே அவ்வொலியை எழுப்பியதாக மேடையில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அக்கூற்றை மறுத்தார். நம்பிக்கையாளர் மறுப்பையும் ஐயவாதிகள் ஒப்புதலையும் இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர்.