ஈப்போ வக்கீல் டி. ஆர். சீனிவாசகம்

ஈப்போவுக்குப் போய் வந்த தோட்டத்துப் பெரியவர்களுக்கு டி. ஆர். பார்க் நன்றாகத் தெரியும். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் இளசுகள் விழிக்கிறார்கள். தெரிந்துகொள்வோம், வாருங்கள்.

டி. ஆர். சீனிவாசகம் 1921-இல் பிறந்தவர். இலங்கைத் தமிழ்க் குடும்பம். நம்மைப்போல் லயத்தில் வளர்ந்தவர் அல்லர். சட்டம் படித்து, சகோதரர் எஸ். பி. சீனிவாசகத்தோடு ஈப்போவில் வக்கீல் தொழில் நடத்தினார். காசில்லாத ஏழைக்கும் கோர்ட்டில் நின்று வாதாடியவர் என்று ஈப்போவின் பழைய ஆட்கள் சொல்வார்கள். 1953-இல் தொடங்கிய முற்போக்குக் கட்சியை இந்தச் சகோதரர்களே முன்னின்று வளர்த்தார்கள்.

1957 நவம்பரில், சுதந்திரம் கிடைத்த சூட்டோடு, ஈப்போ-மெங்லெம்பு இடைத்தேர்தல் வந்தது. ஆளும் கூட்டணியைத் தோற்கடித்து டி. ஆர். சட்டசபைக்குள் நுழைந்தார். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், ஜெயித்தவரோ தமிழர்! 1959-இலும் 1964-இலும் ஈப்போ மக்கள் அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

அவர் கேட்டது என்ன? இந்த மண்ணில் உழைக்கிறவன் எந்த இனமானாலும் உரிமை ஒன்றாக இருக்க வேண்டும். தமிழுக்கும் சீனத்துக்கும் உரிய இடம் வேண்டும். அதே பேராக்கில், சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன் அரசாங்கத்துக்குள் இருந்தபடி, 1960-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டங்களை வாங்க வழி செய்தார். டி. ஆர். எதிர்வரிசையில் நின்று சட்டத்தைக் கேள்வி கேட்டார். இரண்டு பேரும் இரண்டு வழி. நமக்கு இரண்டும் தேவைப்பட்டன.

மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயமில்லை அல்லவா? கல்வியமைச்சர் ஒருவர்மீது நாடாளுமன்றத்தில் ஊழல் புகார் சொன்னார். சபைக்குள் சொன்னால் வழக்கு வராது. ஆனால் அதையே பொதுமேடையிலும் சொன்னார். அமைச்சர் மானநஷ்ட வழக்குப் போட்டார், தோற்றார், பதவியும் போயிற்று.

1969 மார்ச் 15-இல், ஐம்பதைத் தொடாத வயதிலேயே டி. ஆர். காலமானார். இரண்டே மாதத்தில் நடந்த தேர்தலில் அவர் கட்சி 4 நாடாளுமன்ற இடங்களைப் பிடித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. பிரஜாவுரிமை இல்லாத சிவப்புக் கார்டுக்காரர்களுக்கு அந்த வருஷமே வேலைப் பெர்மிட் சட்டம் இடியாக வந்தது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் பால் வெட்டிய கத்தியை வைத்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

ஒரு காகிதம் இல்லாததால் ஒரு தலைமுறை வேரோடு போனது, தோழர்களே. அன்றைய ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. பத்திரமில்லாத பிள்ளைகள் மட்டும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? இன்றைக்கே பெட்டியைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே பதிவிலாகா வாசலில் நில்லுங்கள். உரிமையைக் கேட்டு வாங்கச் சொன்ன அந்த வக்கீலுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.