இன்ஜினியரிங்ல டாக்டர், சினிமாவுல ஆராய்ச்சி!

படம் பார்த்துட்டு ஹாஸ்டலுக்கு வந்ததும் நாம என்ன பேசுவோம்? ஃபர்ஸ்ட் ஹாஃப் செம, செகண்ட் ஹாஃப் இழுவை, பிஜிஎம் வேற லெவல். அதோட முடிஞ்சது. ஆனால், ஒரு நாட்டு மக்களின் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு அவங்க பார்க்குற படங்களை வெச்சே கண்டுபிடிக்க முடியுமா? முடியும்னு நம்பின ஒருத்தரைத்தான் இப்போ சந்திக்கப் போறீங்க. அவரும் நம்ம ஆளுதான்!

பெயர் சீக்ஃப்ரீட் க்ராகவர். 1889-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பேசும்போது திக்குவாய். படித்தது ஆர்க்கிடெக்சர். பழைய பெர்லின், போட்ஸ்டாம் பகுதிகளின் இரும்பு வேலைப்பாடுகளை ஆராய்ந்து, பொறியியலில் டாக்டர் பட்டமே வாங்கினார். சில வருஷம் ஆர்க்கிடெக்டாக வேலையும் பார்த்தார். மனசு ஒட்டவில்லை. 1921-இல் 'ஃபிராங்க்ஃபர்ட்டர் ஸைட்டுங்' என்ற பெரிய நாளிதழில் சேர்ந்துவிட்டார். (ஆமாங்க, கோர் ஃபீல்டை விட்டு ஓடுற கதை அப்பவே இருக்கு!)

அந்தக் காலத்தில் படித்தவர்கள் சினிமாவை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இவரோ மொக்கைப் படங்களைக்கூட உட்கார்ந்து பார்த்தார். ஏழைப் பெண்ணுக்குப் பணக்கார மாப்பிள்ளை கிடைப்பது மாதிரியான கதைகள் ஏன் திரும்பத் திரும்ப வருது? நிஜத்தில் நடக்காததுக்கு மக்கள் ஏங்குறாங்க, அந்த ஏக்கம்தான் திரையில் ஓடுது என்றார். பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட் பேப்பரில் டெய்லர் சிஸ்டம் படிச்சிருப்பீங்களே? வரிசையாக நின்று ஒரே மாதிரி காலைத் தூக்கி ஆடும் நடனக் குழுக்களைப் பார்த்து, இதுவும் அந்த ஃபேக்டரி ஒழுங்குதான் என்று 1927-இலேயே எழுதினார். 1930-இல் பெர்லின் ஆபீஸ் ஊழியர்களின் வாழ்க்கையை நேரில் பார்த்துப் பேசி ஒரு புத்தகமே போட்டார்.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாளே க்ராகவர் மனைவி லிலியோடு பாரிசுக்குக் கிளம்பினார். அந்த வருஷமே பத்திரிகை வேலையும் போனது. எட்டு வருஷம் கையில் காசில்லாத அகதி வாழ்க்கை. அப்புறம் பிரான்சும் ஹிட்லர் கையில் விழுந்தது. தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்த நாட்களில், அவருடைய நண்பரும் சிந்தனையாளருமான வால்டர் பெஞ்சமின் ஸ்பெயின் எல்லையில் உயிரை விட்டார். க்ராகவரும் லிலியும் லிஸ்பன் வழியாக 1941-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே மாட்டிக்கொண்ட அம்மாவையும் அத்தையையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. 1942-இல் நாஜிகள் அவர்களை வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் திரும்பி வரவேயில்லை.

அப்போ அவருக்கு ஐம்பது வயசு தாண்டியிருந்தது. புது ஊர், புது மொழி. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்பட நூலகத்தில் உட்கார்ந்து, பழைய ஜெர்மன் படங்களை மறுபடி ஓட்டிப் பார்த்தார். அவரைக் குடைந்த கேள்வி ஒன்றுதான். அத்தனை படிச்ச ஜனங்க எப்படி அந்த ஆளுக்குப் பின்னாடி போனாங்க? 1947-இல் வந்த 'கலிகாரி முதல் ஹிட்லர் வரை' புத்தகம் அதற்கான பதில். ஒரு படத்தை ஒருத்தர் மட்டும் எடுப்பதில்லை, அது கோடிக்கணக்கானவர்களுக்குப் பிடிக்கவும் வேண்டும். அதனால் தனி மனிதர்கள் வெளியே சொல்லாத ஆசையும் பயமும் படங்களில் தங்கிவிடும் என்பது அவர் வாதம். கொடுங்கோலனுக்கு அடங்கிப்போவது, இல்லையென்றால் எல்லாம் குழப்பமாகிவிடும் என்று பயப்படுவது. இந்த இரண்டையும் அந்தப் படங்களில் அவர் பார்த்தார்.

இதில் ஓட்டையே இல்லையா? இருக்கு. ரிசல்ட் வந்த பிறகு கொஸ்டின் பேப்பரைப் பார்த்தால் எல்லாமே முன்கூட்டியே தெரிஞ்ச மாதிரித்தானே இருக்கும்? ஹிட்லர் வந்ததைத் தெரிந்துகொண்டு பழைய படங்களைப் பார்த்தார் என்று பலர் விமர்சித்தார்கள். 'கலிகாரி' படத்தின் கதை மாற்றப்பட்டதைப் பற்றி அவர் எழுதியதும் முழுசாகச் சரியில்லை என்பது, மூலத் திரைக்கதை கிடைத்தபோது தெரிந்தது. ஆனாலும் அவர் போட்ட பாதை மூடவில்லை. சினிமாவையும் சமூகத்தையும் சேர்த்து ஆராய்பவர்கள் இன்றும் அவரைத் தாண்டாமல் போக முடியாது.

1960-இல் திரைப்படக் கோட்பாடு பற்றி இன்னொரு பெரிய புத்தகம் எழுதினார். நாம் கவனிக்காமல் விடும் தெருவையும் கூட்டத்தையும் காற்றில் ஆடும் இலையையும் கேமரா நமக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்று அதில் காட்டினார். 1966 நவம்பரில் நியூயார்க்கிலேயே இறந்தார்.

அடுத்த தடவை தியேட்டருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்க. ஹீரோ என்ன பண்ணும்போது கூட்டம் விசில் அடிக்குதுன்னு பாருங்க. யாரை அடிச்சா கைதட்டுறாங்க, யாரை வெச்சு காமெடி பண்ணினா சிரிக்கிறாங்கன்னும் பாருங்க. அந்தக் கூட்டத்துல நீங்களும் நானும் இருப்போம்.