பால் ஊத்தின சோப் ஏன் நாறுது? 200 வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்ச பாரிஸ் தாத்தா!

பழைய சோப்புத் துண்டுகளைத் துருவி, சுடுதண்ணியில் கரைச்சு, ஒரு டம்ளர் பாலை ஊத்திக் கலக்கினா ஹோம்மேட் மில்க் லிக்விட் சோப் ரெடி. இந்த மாதிரி ரீல்ஸ் உங்க ஃபீடிலும் வந்திருக்கும். முதல் நாள் கமகமன்னுதான் இருக்கும். சில நாள் கழிச்சு பாட்டில் மூடியைத் திறந்தா ஒரு சிக்கு வாடை வரும் பாருங்க... கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி!

அந்த வாடைக்கு முக்கியமான காரணம் ப்யூட்டிரிக் அமிலம். அதை வெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தவர், பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் யூஜின் ஷெவ்ரல். சோப் என்றால் உண்மையில் என்ன என்பதை உலகத்துக்குப் புரியவைத்தவரும் அவர்தான்.

1786 ஆகஸ்ட் 31-ம் தேதி ஆன்ஜேர் நகரில் பிறந்தார் ஷெவ்ரல். அப்பா மருத்துவர். பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது இவருக்கு மூணு வயசுகூட ஆகவில்லை. 17 வயதில் பாரிஸுக்குப் போய், வேதியியலாளர் வோக்லனின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

1811-ல் அவர் கைக்கு ஒரு சோப் வந்தது. பன்றிக் கொழுப்பையும் பொட்டாஷ் காரத்தையும் சேர்த்துச் செய்த, கொழகொழப்பான சோப். இன்னிக்கு லிக்விட் சோப் செய்யவும் பொட்டாசியம் காரம்தான் வேணும். பார் சோப்புக்குப் போடும் சோடியம் காரம் கெட்டியாக்கிவிடும். அந்த சோப்பைத் தண்ணீரில் கரைத்தபோது, முத்துபோல மினுமினுக்கும் ஒரு பொருள் அடியில் படிந்தது. அதில் அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தார். கிடைச்சது பழைய கொழுப்பு இல்லை, வேறு ஒண்ணு!

அதுவரை கொழுப்பும் காரமும் சும்மா ஒட்டிக்கொள்வதுதான் சோப் என்று நினைத்திருந்தார்கள். அப்படியில்லை, காரம் கொழுப்பை உடைக்கிறது என்று காட்டினார் ஷெவ்ரல். உடைந்த கொழுப்பிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் காரத்தோடு சேர்ந்தால் சோப். மிச்சம் நிற்கும் இனிப்பான திரவத்துக்கு கிளிசரின் என்று பெயர் வைத்தவரும் இவர்தான். ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் செஞ்சுக்கிட்டு இருந்த ஒரு பொருளுக்கு அப்போதுதான் விளக்கம் கிடைச்சது.

விடாமல் 12 வருஷம் கொழுப்பையே கட்டிக்கொண்டு அழுதார். சொந்தபந்தங்கள் என்ன சொல்லியிருப்பாங்களோ! ஆட்டுக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு, வெண்ணெய் என ஒண்ணையும் விடவில்லை. வெண்ணெயில் கிடைத்த வாடை அமிலங்களில் இரண்டுக்கு, லத்தீனில் ஆட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து கேப்ரோயிக், கேப்ரிக் என்று பெயர் வந்தது. 1823-ல் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாக்கினார். பித்தப்பைக் கல்லில் இருந்த பொருளுக்கு அவர் வைத்த பெயர்தான் பிறகு கொலஸ்ட்ரால் ஆனது.

இப்போ நம்ம பாட்டிலுக்கு வருவோம். ரெடியான சோப்பில் பாலை ஊத்தினா, பால் கொழுப்பை சோப்பாக்க அங்கே காரம் மிச்சம் இருக்காது. கொழுப்பு கொழுப்பாகவே கிடக்கும். கூடவே பாலின் சர்க்கரை, புரதம், தண்ணீர். கிருமிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு! கொழுப்பு மெல்ல உடைய, ப்யூட்டிரிக் அமிலம் வெளியே வந்து நாறும்.

முறையாகப் பால் சோப் செய்பவர்கள் ஆரம்பத்திலேயே காரத்தோடு பாலைச் சேர்க்கிறார்கள். அதுவும் பாலை ஐஸ் கட்டியாக உறையவைத்துத்தான். இல்லைன்னா காரத்தின் சூட்டில் பால் சர்க்கரை கருகி, பழுப்பாகி, தனி நாத்தம் அடிக்கும். அந்தக் காரம் தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். கையுறை, கண்ணாடி இல்லாம அடுப்படியில் விளையாடவே வேண்டாம். பாத்ரூமில் வாரக்கணக்கில் வைக்கிற லிக்விட் சோப்புக்குப் பால் சரிப்படாது என்பது என் கருத்து.

ஷெவ்ரலுக்கு சறுக்கலும் உண்டு. 1825-ல் கே-லுசாக்கோடு சேர்ந்து, கொழுப்பு அமிலத்தில் மெழுகுவத்தி செய்யக் காப்புரிமை வாங்கினார். புகையும் நாத்தமும் இல்லாத மெழுகுவத்தி. ஆனா, வியாபாரம் ஓடவில்லை. பின்னால் வந்தவர்கள் அதே வழியில் காசு பார்த்தார்கள்.

அதற்கு முந்தைய வருஷமே கோபலன் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்கு அவர் பொறுப்பேற்றிருந்தார். கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார். சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று கண்டுபிடித்தார். 1839-ல் அதையும் புத்தகமாக்கினார். பிற்காலத்தில் சூரா மாதிரியான ஓவியர்கள் அதைப் படித்துப் புள்ளி புள்ளியாக வரைந்தார்கள்.

1871-ல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டுக் குண்டு போட்டபோது, அவருக்கு வயது 84. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர். ஊரைவிட்டுப் போகவில்லை. அந்த வயதிலும் தன்னை பிரான்ஸின் மூத்த மாணவன் என்றே சொல்லிக்கொண்டார்.

1886-ல் அவருடைய நூறாவது பிறந்தநாளை நாடே கொண்டாடியது. புகைப்படக் கலைஞர் நாடார் அவரைப் பேட்டி எடுக்க, மகன் பால் நாடார் பேச்சினூடே படங்களாக எடுத்துத் தள்ளினார். உலகின் முதல் புகைப்படப் பேட்டி என்று அதைச் சொல்கிறார்கள்.

1889 வசந்தத்தில் அவருடைய ஒரே மகன் இறந்துபோனார். சில நாள்களில், ஏப்ரல் 9 அன்று ஷெவ்ரலும் கண் மூடினார். வயது 102. அதற்கு ஒன்பது நாள் முன்புதான் ஈஃபிள் கோபுரம் திறக்கப்பட்டிருந்தது. அதில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.