முப்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்த மன்னர் எக்கோனியா

டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியிலும், கிறிஸ்து பிறப்பு விழாவின் திருவிழிப்புத் திருப்பலியிலும் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. ஆபிரகாமில் தொடங்கி இயேசுவில் முடியும் அந்த நீண்ட பெயர்ப்பட்டியலைக் கேட்கும்போது நம்மில் பலருடைய மனம் எங்கெங்கோ போய்விடுகிறது. தாவீது, சாலமோன் என்ற பெயர்கள் வரும்போது சற்று நிமிர்ந்து உட்காருகிறோம். மற்றவை காதில் விழுந்து கரைந்துபோகின்றன. அப்படிக் கரைந்துபோகும் பெயர்களுள் ஒன்று எக்கோனியா.

ஆனால் மத்தேயு இந்தப் பெயரைப் பட்டியலின் மிக முக்கியமான திருப்பத்தில் வைத்திருக்கிறார். தாவீது முதல் பாபிலோனியச் சிறையிருப்பு வரையிலான வரிசை இவரோடு முடிகிறது. சிறையிருப்பு முதல் மெசியா வரையிலான வரிசை இவரிலிருந்து தொடங்குகிறது.

இவருக்கு விவிலியத்தில் மூன்று பெயர்கள் உண்டு. மத்தேயுவிலும் குறிப்பேட்டிலும் எக்கோனியா. எரேமியா நூலில் சில இடங்களில் கோனியா. அரசர்கள் நூலில் யோயாக்கின். இவருடைய தந்தையின் பெயரோ யோயாக்கிம். தமிழில் கடைசி எழுத்து ஒன்றுதான் வேறுபாடு என்பதால், இருவரையும் ஒருவரென்று எண்ணிக்கொள்வது எளிது. மத்தேயு தந்தையை விட்டுவிட்டு, பாட்டனார் யோசியாவோடு இவரை நேராக இணைத்துவிடுகிறார்.

தந்தை யோயாக்கிம் பாபிலோனிய மன்னன் நெபுகத்னேசருக்கு மூன்று ஆண்டுகள் அடங்கியிருந்து, பின்னர் கிளர்ச்சி செய்தவர். அதற்குப் பழிதீர்க்கப் பாபிலோனியப் படை புறப்பட்ட வேளையில் அவர் இறந்துபோனார். விளைவைச் சுமக்க வேண்டியவராக அரியணை ஏறியவர் யோயாக்கின். அப்போது அவருக்கு வயது 18. ஆட்சி நீடித்ததோ மூன்று மாதங்கள் மட்டுமே. அவர் ஆண்டவர் பார்வையில் தீயது செய்தார் என்று அரசர்கள் நூல் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிடுகிறது. முற்றுகையிடப்பட்ட நகரில், மூன்று மாதங்களில், அந்த இளைஞர் அப்படி என்னதான் செய்திருக்க முடியும் என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. நூல் அதற்குப் பதில் சொல்லவில்லை.

அவர் செய்ததாக நூல் விரிவாகச் சொல்வது ஒன்றுதான். தாய் நெகுஸ்தாவையும் அலுவலர்களையும் அழைத்துக்கொண்டு நகரைவிட்டு வெளியே வந்து, நெபுகத்னேசரிடம் சரணடைந்தார். அது கி.மு. 597, மார்ச் 16. இவ்வளவு துல்லியமாக நாள் தெரிவதற்குக் காரணம், பாபிலோனியர்களே எழுதிவைத்த ஆண்டுக்குறிப்புக் களிமண் பலகை ஒன்று இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருப்பதுதான். யூதாவின் நகரைப் பிடித்து, அதன் மன்னனைச் சிறைப்படுத்தி, தனக்கு விருப்பமான வேறொருவனை நெபுகத்னேசர் அரசனாக்கினான் என்று அது கூறுகிறது. அந்த வேறொருவர், யோயாக்கினின் சிற்றப்பா செதேக்கியா.

சரணடைந்தது கோழைத்தனமா? அப்படிச் சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து இதே செதேக்கியா கிளர்ச்சி செய்து, பணிய மறுத்து, கடைசிவரை எதிர்த்து நின்றார். அவர் கண்முன்னே அவருடைய மகன்கள் கொல்லப்பட்டார்கள், பின்பு அவர் கண்கள் பிடுங்கப்பட்டன, கோவில் எரிந்தது, நகர் இடிந்தது. யோயாக்கின் சரணடைந்தபோது கோவிலின் செல்வங்கள் கொள்ளைபோனாலும், கோவில் நின்றது. கி.பி. 70-இல் உரோமைப் படை எருசலேமைச் சூழ்ந்து நின்றபோது, யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு மதிலுக்கு வெளியே நின்று தம் மக்களிடம் சரணடையும்படி வேண்டினார். அவ்வேளையில், கோவிலைக் காக்கத் தாமாகவே சிறையிருப்பை ஏற்றவர் என்று இந்த மன்னரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஆனால் நகர் சரணடையவில்லை.

யோயாக்கினோடு பத்தாயிரம் பேர் நாடுகடத்தப்பட்டதாக அரசர்கள் நூல் சொல்கிறது. போர்வீரர்கள், கைவினைஞர்கள், கொல்லர்கள் என்று வேலை தெரிந்தவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். எசேக்கியேலும் அவர்களுள் ஒருவர். அவர் தம் காட்சிகளுக்கு ஆண்டு குறிக்கும்போது எருசலேமில் ஆண்ட செதேக்கியாவைக் கணக்கில் கொள்ளவில்லை. யோயாக்கின் நாடுகடத்தப்பட்டதிலிருந்தே எண்ணுகிறார். அரியணை இழந்த ஒருவரை அந்த மக்கள் இன்னும் தங்கள் மன்னராகவே கருதியிருக்கிறார்கள்.

எருசலேமிலும் அந்த நம்பிக்கை இருந்தது. இரண்டே ஆண்டுகளில் யோயாக்கின் திரும்பி வருவார் என்று அனனியா என்னும் இறைவாக்கினர் கோவிலில் எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார். கேட்க இனிமையான வாக்கு. ஆனால் பொய் வாக்கு. எரேமியா அதை மறுத்தார். அந்த ஆண்டே அனனியா இறந்தார்.

எரேமியாவோ யோயாக்கினைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசியிருந்தார். ஆண்டவரின் வலக்கையில் அணிந்த முத்திரை மோதிரமாகவே அவர் இருந்தாலும் கழற்றி எறியப்படுவார் என்றார். பிள்ளையில்லாதவர் என்று அவரைப் பதிவு செய்யுங்கள் என்றார். அவர் வழிமரபில் எவரும் தாவீதின் அரியணையில் அமரப்போவதில்லை என்பதே அதற்குப் பொருள். அதே எரேமியா, இந்த மன்னரோடு நாடுகடத்தப்பட்டவர்களை நல்ல அத்திப்பழங்களுக்கு ஒப்பிட்டார் என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

இனி, பதிவேடு பக்கம் வருவோம். 1899 முதல் 1917 வரை செருமானிய அகழ்வாளர் இராபர்ட் கோல்டவே பாபிலோனைத் தோண்டினார். அரண்மனையின் ஒரு மூலையில், வளைவுக் கூரை கொண்ட அறைகள் வரிசையாக இருப்பதைக் கண்டு, இதுதான் புகழ்பெற்ற தொங்கு தோட்டம் என்று அவர் நினைத்தார். அங்கே கிடைத்த களிமண் பலகைகளோ வேறு கதை சொல்லின. அவை பண்டகசாலைக் கணக்குகள். யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுக்கப்பட்டது என்ற கணக்கு. அவை பெர்லினுக்குப் போய்ப் பல ஆண்டுகள் கிடந்தன. 1939-இல் எர்ன்ஸ்ட் வைட்னர் என்ற அறிஞர் அவற்றைப் படித்து வெளியிட்டபோது, அஸ்கலோன் அரசனின் மகன்கள், தீர் நாட்டவர், எகிப்தியர், கிரேக்கத் தச்சர்கள் ஆகியோருக்கு நடுவே ஒரு பெயர் இருந்தது: யூதா நாட்டு மன்னர் யோயாக்கின்.

அவருக்குப் பத்து 'சீலா' எண்ணெய். ஒரு சீலா என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். அவருடைய ஐந்து மகன்களுக்குச் சேர்த்து இரண்டரை சீலா. உடனிருந்த யூதேயர் எட்டுப் பேருக்கு ஆளுக்கு அரை சீலா. மன்னரின் பெயர் வரும் பலகைகளில் ஒன்று கி.மு. 592-ஐச் சேர்ந்தது. நாடுகடத்தப்பட்டு ஐந்து ஆண்டுகள்; மன்னருக்கு வயது 23 இருக்கும்; அதற்குள் ஐந்து மகன்கள். பிள்ளையில்லாதவர் என்று பதிவு செய்யச் சொன்னார் இறைவாக்கினர். பாபிலோனியக் கணக்கப்பிள்ளை, எரேமியாவைப் பற்றி எதுவும் தெரியாமல், பிள்ளைகளுக்கு எண்ணெய் அளந்து எழுதிவைத்தார்.

அதன் பிறகு நெடிய மௌனம். இடையில் எருசலேம் வீழ்ந்த செய்தி பாபிலோனுக்கு வந்து சேர்ந்திருக்கும். தாம் விட்டுக்கொடுத்துக் காத்த கோவில் சாம்பலானதை அவர் கேட்டிருப்பார். எப்போது என்று தெரியவில்லை, ஆனால் ஒரு கட்டத்தில் அவர் சிறைக்குள் அடைக்கப்பட்டிருக்கிறார். ஏனெனில் நாடுகடத்தப்பட்ட 37-ஆம் ஆண்டில், கி.மு. 561-இல், புதிதாகப் பட்டமேறிய எவில்மெரொதாக்கு அவரைச் சிறையிலிருந்து விடுவித்தான் என்று அரசர்கள் நூல் கூறுகிறது. பதினெட்டு வயதில் போனவர் ஐம்பத்தைந்து வயதில் வெளியே வருகிறார். சிறை உடையைக் கழற்றுகிறார். அரசனின் பந்தியில் இடம் கிடைக்கிறது. நாள்தோறும் உணவுக்கு வழி கிடைக்கிறது. நாடு கிடைக்கவில்லை. விடுவித்த அரசனும் இரண்டே ஆண்டுகளில் கொல்லப்பட்டான். அதை நூல் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் பந்தியில் அமர்ந்து உண்டார் என்பதோடு அரசர்கள் நூல் முடிந்துவிடுகிறது. சவுலும் தாவீதும் சாலமோனும் வாழ்ந்த அந்தப் பெரிய வரலாற்றின் கடைசிக் காட்சி, அயல்நாட்டில் ஒரு முதியவர் சாப்பிடுவது.

அவருடைய பேரன் செருபாபேல். பாரசீக மன்னன் சைரசின் ஆணைக்குப் பின் மக்கள் திரும்பியபோது, யூதாவுக்கு ஆளுநராக வந்தவர். கி.மு. 515-இல் கட்டி முடிக்கப்பட்ட இரண்டாம் கோவிலுக்குப் பொறுப்பேற்றவர். இறைவாக்கினர் ஆகாய், ஆண்டவர் அவரைத் தம் முத்திரை மோதிரமாக ஆக்குவார் என்று அறிவித்தார். பாட்டனார் காலத்தில் கழற்றி எறியப்பட்ட அதே மோதிரம்! ஆனாலும் செருபாபேல் அரசராகவில்லை; ஆளுநராகவே இருந்தார். எரேமியாவின் சொல்லும் வீழவில்லை.

செருபாபேலுக்குப் பின் மத்தேயு தரும் பெயர்கள் அபியூது, எலியாக்கிம், அசோர், சாதோக்கு, ஆக்கிம், எலியூது, எலயாசர், மாத்தான், யாக்கோபு. இவர்களுள் யாரைப் பற்றியும் பழைய ஏற்பாட்டில் ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்கு எண்ணெய் அளந்த கணக்கும் கிடைக்கவில்லை. யாக்கோபின் மகன் யோசேப்பு, நாசரேத்தில் தச்சு வேலை செய்தார்.