சைடு இன்கம் வைத்து ஒரு கிராமத்தையே கட்டியவர்: யார் இந்த கே.சி.எஸ். பணிக்கர்?

வண்டலூர் உயிரியல் பூங்கா பக்கத்தில் இருந்து கேளம்பாக்கம் சாலையைப் பிடித்து, கோவளத்தில் ஈசிஆர் ஏறி வடக்கே வந்தால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் கலைஞர் கிராமம் வரும். மரங்களுக்கு நடுவே சிற்பங்கள், ஓவியர்களின் வீடுகள், ஒரு மியூசியம். வீக் எண்டில் போட்டோ எடுக்கப் போகிற பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்த இடத்தை அரசு கொடுக்கவில்லை. ஓவியர்கள் கைவினைப் பொருட்கள் செய்து விற்ற காசில் வாங்கிய நிலம் இது. அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் கே.சி.எஸ். பணிக்கர்.

தந்தி ஆபீஸில் இருந்து ஓவியப் பள்ளிக்கு

1911-ல் கோயம்புத்தூரில், கேரளத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர் பணிக்கர். சிறு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கினார். தென்னை, கால்வாய், வயல் எனக் கண்முன்னே இருந்த கேரளம்தான் ஆரம்பகால நீர்வண்ணப் படங்களில் வந்தது. ஆனால், குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்தது. படிப்பை நிறுத்திவிட்டு தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த வேலையை விட்டுவிட்டு, 1936-ல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் அப்போது அங்கே முதல்வர். படிப்பு முடிந்து அங்கேயே ஆசிரியரான பணிக்கர், 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957-ல் ராய் சௌத்ரிக்குப் பிறகு முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிரச்சினை என்ன?

முதல்வரான பிறகு ஒரு கேள்வி அவரைத் துரத்தியது. இங்கே படித்துவிட்டு வெளியே போகிற பிள்ளைகள் எப்படிப் பிழைப்பார்கள்? சென்னையில் நவீன ஓவியம் வாங்க ஆள் இல்லை. விளம்பர கம்பெனியிலோ வேறு ஆபீஸிலோ வேலை கிடைத்தால், அதோடு வரைவது நின்றுவிடும்.

பணிக்கரின் பதில் கைத்தொழில். 1850-ல் தொடங்கிய அந்தப் பள்ளிக்குக் கைத்தொழில் புதிதும் இல்லை. ஓவியர்கள் சேர்ந்து பாத்திக் துணி, தோல், மரம், உலோகம் என வேலை செய்தார்கள். பாத்திக் நன்றாகவே விற்றது. அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கி, 1966-ல் கிராமத்தைத் தொடங்கினார்கள். இன்றைய ஈசிஆர் அப்போது கிடையாது. மணலும் சவுக்கும்தான். கைவினையில் வரும் காசு வயிற்றுக்கு. ஓவியமும் சிற்பமும் அவரவர் விருப்பப்படி. இதுதான் பணிக்கரின் கணக்கு.

செம்பு எங்கே வந்தது?

அந்தக் கணக்கில் அவரே எதிர்பார்த்திருக்காத ஒரு லாபமும் வந்தது. சாப்பாட்டுக்காகப் பழகிய கைவேலை, கலையையே மாற்றியது. கிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான சிற்பி பி.வி. ஜானகிராம், கல்லையும் வார்ப்பையும் விட்டுவிட்டு செம்புத் தகட்டை எடுத்தார். கோயில்களில் சாமிக்குச் சாத்தும் கவசம் மாதிரி, தகட்டைச் சுத்தியலால் தட்டி உருவம் எழுப்பினார். கண், நகை போன்ற நுணுக்கங்களுக்கு உலோகக் கம்பியைப் பற்றவைத்தார். தட்டத் தட்டச் செம்பு விறைக்கும். தீயில் காய்ச்சினால் மறுபடி இளகும். அந்தப் பக்குவம் தெரிந்த கை வேண்டும்.

பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால், லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தவர். செம்பு, பித்தளைத் தகடுகளைப் பற்றவைத்து, எனாமல் வண்ணமும் சேர்த்தார். பறவை, பாம்பு, மரம் என இயற்கை வடிவங்கள் புராண உருவங்களோடு பின்னிக் கிடக்கும் சிற்பங்கள் அவருடையவை. எனாமல் என்பது அடிப்படையில் கண்ணாடித் தூள். செம்பின் மேல் தூவி சுமார் 800 டிகிரி செல்சியஸில் சுட்டால், உருகி ஒட்டிக்கொள்ளும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும் என்பதால் தகடு தாங்கிவிடும். இப்படிச் சுட்ட நிறம் வெயிலில் லேசில் வெளுக்காது; ஆனால், அடி பட்டால் சில்லு பெயரும்.

பணிக்கர் என்ன ஆனார்?

1967-ல் முதல்வர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார். எழுத்தும் குறியீடுகளும் நிறைந்த அவரது 'வார்த்தைகளும் குறியீடுகளும்' ஓவிய வரிசை, 1963-ல் தொடங்கியது. இந்திய நவீன ஓவியத்தில் அவருக்குத் தனி இடம் தந்தது அதுதான். 1977 ஜனவரியில் காலமானார்.

அவர் போன பிறகும் கிராமம் கலையவில்லை. நந்தகோபால் 2017-ல் இறக்கும் வரை அதை முன்னின்று நடத்தினார். 2009-ல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கான மியூசியம் திறக்கப்பட்டது. பிடித்த வேலை சோறு போடாது என்று சொல்பவர்களிடம் பணிக்கர் வாதம் செய்யவில்லை. சோறு போட இன்னொரு வேலையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். இரண்டுமே கைவேலைதான் என்பதால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை, வளர்த்துவிட்டது.