வயோலாவின் வழக்குரைஞர் லயனல் டெர்டிஸ்

வயலினை அறியாத இசையன்பர் தமிழரிடையே இலர்; அதன் உடன்பிறப்பாகிய வயோலாவை அறிந்தவரோ சிலரே. வடிவில் வயலினை ஒத்து, உடலளவில் சற்றே பெரியதாய், சட்ஜ பஞ்சம இடைவெளி அளவுக்குத் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது அக்கருவி. ஐரோப்பியப் பல்லியக் குழுக்களில் வயலினின் உயர்குரலுக்கும் செலோவின் ஆழ்குரலுக்கும் நடுவே நின்று இடைவெளியை நிரப்புவதே அதன் கடமை எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் கருதப்பட்டது. வயலினில் தேறாதவரை வயோலாவுக்கு அனுப்புவதும் வழக்கமாயிருந்தது. தனித்து வாசிப்பதற்கென அதற்கு எழுதப்பெற்ற படைப்புகளும் அரியனவே. அந்நிலையை மாற்றி, தம் காலத்துப் படைப்பாளரை வயோலாவுக்காக எழுத வைத்தவர் இங்கிலாந்தின் லயனல் டெர்டிஸ் ஆவார்.

1876 டிசம்பர் 29ஆம் நாள், வடகிழக்கு இங்கிலாந்தின் துறைமுக நகராகிய வெஸ்ட் ஹார்ட்டில்பூலில், புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பமொன்றில் டெர்டிஸ் பிறந்தார். செலோ மேதை பாப்லோ கசால்ஸ் ஸ்பெயினில் பிறந்ததும் அதே நாளில்தான். தந்தையார் கிழக்கு லண்டனில் யூதத் தொழுகைக் கூடத்தின் வழிபாட்டுப் பாடகர். மூன்று வயதில் பியானோ பயிலத் தொடங்கிய டெர்டிஸ், 13 வயதில் வீட்டை விட்டு நீங்கிப் பியானோ வாசித்தே பொருளீட்டினார். ஈட்டிய பொருளைக் கல்விக்குச் செலவிட்டு, லைப்சிக் நகரிலும் பின்னர் லண்டன் ராயல் இசைக் கழகத்திலும் வயலின் கற்றார்.

அங்கு உடன் பயின்ற மாணவரொருவர் நால்வர் இசைக்குழு அமைக்க விரும்பினார். வயோலா வாசிக்க ஆளில்லை. அக்குறையை நிரப்பக் கருவியைக் கையிலெடுத்த டெர்டிஸ், அதன் கனிந்த குரலுக்கு ஆட்பட்டு, வயலினைக் கைவிட்டார். கற்றுத்தர ஆசிரியர் அமையாமையால் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே தேர்ந்தார். வயோலாக் கலைஞர் அஞ்சி ஒதுக்கிய உச்ச ஸ்தாயியை வாசித்துக் காட்டியபோது, அது கருவியின் இயல்புக்கு மாறானது என்று பழமையாளர் குறைகூறினர். அவர் பின்வாங்கவில்லை.

வாசிப்புத் திறன் மட்டும் போதாது, வாசிக்கப் படைப்புகளும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தாம் பயின்ற கழகத்திலேயே ஆசிரியரானதும், அங்கிருந்த இளம் படைப்பாளரை நாடி, வயோலாவுக்கு எழுதுமாறு வற்புறுத்தினார். பெஞ்சமின் டேல் 1906இல் வயோலாவுக்கும் பியானோவுக்குமான தொகுப்பிசை ஒன்றைத் தந்தார். யார்க் போவெனின் கான்சர்ட்டோ 1908இல் அரங்கேறியது. ஆர்னல்ட் பேக்ஸ் 1922இல் சொனாட்டா எழுதினார். 1925இல் வான் வில்லியம்ஸ், தனி வயோலாவோடு சொற்களற்ற சேர்ந்திசைக் குரல்களை இணைத்த ‘ஃபுளோஸ் கம்பி’ என்னும் படைப்பை அளித்தார். ‘வயல்வெளி மலர்’ எனப் பொருள்படும் அத்தலைப்பு, விவிலியத்தின் உன்னதப் பாடலை அடியொற்றியது. இவை யாவும் டெர்டிஸின் வில்லை எண்ணிப் படைக்கப்பெற்றவை.

இத்தகையவரும் ஒரு கட்டத்தில் புதுமையை இனங்காணத் தவறினார். தாமஸ் பீச்சம் என்னும் இசை நெறியாளரின் தூண்டுதலால், இளைஞர் வில்லியம் வால்ட்டன் டெர்டிஸை மனத்திற் கொண்டு வயோலாக் கான்சர்ட்டோ ஒன்றை எழுதி 1929இல் அனுப்பினார். அதன் தாளச் சிக்கலும் உரசும் சுரச் சேர்க்கைகளும் மிகை எனத் தோன்றவே, டெர்டிஸ் மறு அஞ்சலிலேயே அதைத் திருப்பியனுப்பினார். மனமுடைந்த வால்ட்டனுக்குக் கைகொடுத்தவர், தாமே படைப்பாளராகவும் வயோலாக் கலைஞராகவும் விளங்கிய ஜெர்மானியர் பால் ஹிண்டெமித். 1929 அக்டோபர் 3ஆம் நாள் லண்டன் குயின்ஸ் மண்டபத்தில், வால்ட்டனே நெறியாள, ஹிண்டெமித் அதனை அரங்கேற்றினார்.

அவையில் அமர்ந்து கேட்டவருள் டெர்டிஸும் ஒருவர். தாம் இழைத்த பிழை அன்று அவருக்குத் தெளிவாயிற்று. அவர் அதை மறைக்கவுமில்லை. தம் தகுதியைக் காக்க அப்படைப்பைப் பழிக்கவுமில்லை. அதைக் கற்று, மறு ஆண்டே பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நடந்த தற்கால இசை விழாவில் வாசித்தார்; பின்னரும் பலமுறை மேடையேற்றினார். புதியதை ஒருமுறை ஆதரித்தவர் என்பதாலேயே அடுத்துப் பிறக்கும் புதியதும் ஒருவருக்கு எளிதில் விளங்கிவிடுவதில்லை. செவியை மீண்டும் பழக்க அவர் ஆயத்தமாயிருந்தார். அவர்தம் பெருமை அதிலேயே உள்ளது.

வலக்கை வாதநோயால் 1937இல் மேடையிலிருந்து விலகினார். எனினும் ஓய்ந்திருக்கவில்லை. வயோலாவின் தாழ்சுருதிக்கு முற்றும் பொருந்தப் பெரிய உடல் வேண்டும். அத்துணைப் பெரியதைத் தாடைக்கடியில் தாங்குவதோ அரிது. இம்முரணைத் தீர்க்க, ஆர்தர் ரிச்சர்ட்சன் என்னும் கருவிக் கைவினைஞருடன் சேர்ந்து 16¾ அங்குல உடல் கொண்ட புது அமைப்பை வகுத்தார். ‘டெர்டிஸ் மாதிரி’ எனப்படும் அவ்வடிவில் பல நாட்டுக் கைவினைஞரும் கருவிகள் செய்தனர். பின்னர் நோய் தணிந்து மீண்டும் வாசித்த அவர், 1964இல் தம் 87ஆம் வயதில் இறுதியாக மேடையேறினார். 1975 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தார்.

அவர் பெயரால் மான் தீவில் 1980இல் தொடங்கப்பெற்ற பன்னாட்டு வயோலாப் போட்டி, புதிய படைப்புகளுக்கும் இடமளித்து வந்துள்ளது. அவர் திருப்பியனுப்பிய வால்ட்டனின் கான்சர்ட்டோவோ, இன்று வயோலாக் கலைஞர் எவரும் கற்காமல் விடாத படைப்பாக நிலைபெற்றுள்ளது.